கடைசிப் பத்து சென்டிமீட்டர்: ஊட்டிவிடும் கருவிகள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கையால் எடுத்துச் சாப்பிட முடியாதவர்களுக்கான ஊட்டும் கருவிகள், ரோபோக்கள் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லி வாசகர்களிடம் கேட்டிருந்தோம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

என் அண்ணன் பனையேறி. போன வருஷம் மரத்திலிருந்து விழுந்து கழுத்து நரம்பு அடிபட்டுவிட்டது. தோளைத் தூக்குகிறார், முழங்கையை மடக்குகிறார். மணிக்கட்டும் விரலும் வேலை செய்யவில்லை. மூன்று வேளையும் மதினிதான் ஊட்டுகிறார். ரோபோ வாங்கித் தரலாமா?
– வாசகர், சாயல்குடி

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடி சி-5 என்கிற கழுத்து மட்டத்தில் பட்டிருக்க வேண்டும். தோளும் முழங்கை மடக்கும் மிச்சம் இருக்கிறவர், மோட்டார் எதுவும் இல்லாமலே தன் கையால் சாப்பிட வழி இருக்கிறது. அந்த வழியை முயலாமல் ரோபோவுக்குப் போனால் இருக்கிற தசையும் வீணாகும்.

முதலில் மணிக்கட்டு தொங்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்பிளிண்ட் (தாங்குகட்டை) போடுங்கள். அதன் மேல் உள்ளங்கையைச் சுற்றி 4 செ.மீ. அகல வெல்க்ரோ பட்டை. பட்டையின் உள்ளங்கைப் பக்கத்தில் ஸ்பூன் காம்பு இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு பை தைக்க வேண்டும். எந்தத் தையல்காரரும் தைத்துத் தருவார். மணிக்கட்டைத் திருப்ப முடியாததால் நேரான ஸ்பூன் கன்னத்தில்தான் போய் முட்டும். காம்பை வாய்ப் பக்கமாக 30 முதல் 45 டிகிரி வரை வளைத்துவிடுங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் வளைய வேண்டும்.

தட்டுக்கு அடியில் நனைத்துப் பிழிந்த துணி போட்டால் நகராது. ஒரு பக்கம் 3 செ.மீ. உயர விளிம்பு இருக்கிற தட்டாகப் பாருங்கள். சோற்றை அந்தச் சுவரில் தள்ளித்தான் ஸ்பூனில் ஏற்ற முடியும். மேசையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி முழங்கையை அதன் மேல் ஊன்றச் சொல்லுங்கள். ஊன்றிய முழங்கை அச்சாகிவிடும், தோளுக்குப் பாதி வேலைதான். முதல் வாரம் ஒரு வேளைக்கு ஐந்து ஸ்பூன் போதும், மீதியை மதினி ஊட்டட்டும். தோள் தளர்ந்த பிறகும் வற்புறுத்தினால் வலி வந்து, அப்புறம் பட்டையைத் தொடவே மாட்டார்.

பட்டையைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத கையில் அழுத்தம் வலிக்காது, புண்தான் வரும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் பட்டை இறுக்கம். சி-4 அல்லது அதற்கு மேல் அடிபட்டு முழங்கையே மடங்காதவர்களுக்குத்தான் ரோபோ உண்மையிலேயே தேவைப்படுகிறது.

இறுதியாண்டு புராஜெக்டுக்காக நான்கு எம்ஜி996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்), அவற்றை இயக்க ஓர் ஆர்டுயினோ போர்டு வைத்து ஊட்டும் கை செய்திருக்கிறோம். தோளிலிருந்து ஸ்பூன் நுனி வரை 40 செ.மீ. வெறும் ஸ்பூனில் நன்றாக ஓடுகிறது. சோறு வைத்தால் நடுங்கிக் கொட்டுகிறது. சில சமயம் தானாக ரீசெட் ஆகிப் படாரென்று எங்கோ போய் நிற்கிறது.
– பொறியியல் மாணவர்கள், ராமநாதபுரம்

இரண்டும் தனித்தனிக் கோளாறு. நடுக்கத்தை முதலில் பார்ப்போம்.

தோள் சர்வோ தாங்க வேண்டிய முறுக்குவிசையை, அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கி, கணக்குப் போட்டுப் பாருங்கள். நுனியில் மணிக்கட்டு சர்வோ 55 கிராம். ஸ்பூன், பிடிப்பான், சோறு எல்லாம் சேர்த்து 45 கிராம். ஆக 100 கிராம், 40 செ.மீ. தூரத்தில்: 4 கிலோ-செ.மீ. பாதி வழியில் முழங்கை சர்வோ 55 கிராம், 20 செ.மீ.: 1.1. கைச் சட்டங்கள் 160 கிராம் இருந்தால், அவற்றின் நடுப்புள்ளி 20 செ.மீ.: 3.2. மொத்தம் 8.3. இந்த சர்வோ 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-செ.மீ. தரும் என்று போட்டிருப்பது, அது திணறி நின்றுபோகும் இடத்து முறுக்குவிசை. அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அன்றாட வேலைக்கு நம்பலாம். உங்கள் தோள் சர்வோ தன் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நின்று கொண்டிருக்கிறது. நடுங்காமல் என்ன செய்யும்?

25 கிலோ-செ.மீ. சர்வோ வாங்கிப் போடலாம். ஆனால் அதைவிட நல்ல வழி, நுனியின் எடையைக் குறைப்பது. மணிக்கட்டு சர்வோவையும் முழங்கை சர்வோவையும் கழற்றி அடிப்பீடத்துக்குக் கொண்டு வாருங்கள். படிக்கிற மேசை விளக்கில் இரண்டு இணைக்கம்பிகள் இருக்குமே, விளக்கை எந்த உயரத்துக்குத் தூக்கினாலும் தலை சாயாது, அதே இணைகர அமைப்பைக் கைக்கும் போடுங்கள். ஸ்பூன் தானாகவே மட்டமாக இருக்கும், அதற்கென்று ஒரு மோட்டாரும் புரோகிராமும் வேண்டாம். இப்போது கணக்கு: நுனியில் 45 கிராம், 1.8. சட்டங்கள் 3.2. மொத்தம் 5. தோளுக்குப் பின்னால் 14 செ.மீ. தள்ளி 250 கிராம் எடை தொங்கவிட்டால் 3.5 கழியும். மீதி 1.5. பழைய சர்வோவே போதும்.

அந்த 1.5-ஐயும் சமன்செய்து பூஜ்யமாக்கிவிடாதீர்கள். கரண்ட் போனால் கை மெதுவாகக் கிண்ணத்தின் பக்கம் இறங்க வேண்டும். எதிர் எடை கூடிப் போனால் கை முகத்தை நோக்கி எழும்.

மூட்டுகளில் வெறும் போல்ட் போடாமல் 3×10×4 மி.மீ. பேரிங் போடுங்கள். தோள் மூட்டில் 2 செ.மீ. தூரத்தில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் 40 செ.மீ. நுனியில் அது ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் பெரிய தூரம்.

அடுத்து ரீசெட். ஒவ்வொரு சர்வோவும் திணறும்போது இரண்டரை ஆம்பியர் வரை இழுக்கும். போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்திருந்தால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகத்தான் செய்யும். சர்வோக்களுக்குத் தனியாக 6 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளை. இரண்டு சப்ளைகளின் நெகட்டிவையும் சேர்த்துவிடுங்கள். சர்வோ பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று. ரீசெட்டுக்குப் பிறகு படாரென்று போவதற்குக் காரணம் வேறு: சர்வோ லைப்ரரி, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், நடுநிலைக்குப் போகச் சொல்லிவிடும். அட்டாச் கட்டளைக்கு முன்பே ரைட் கட்டளையில் ஓய்வு நிலையைக் கொடுங்கள். அதோடு, ஒருவர் பட்டனை அழுத்தினால் மட்டுமே மோட்டாருக்கு மின்சாரம் போகும்படி ஒரு ரிலே வையுங்கள்.

கிண்ணத்திலிருந்து வாய் வரை 4 முதல் 6 நொடி எடுக்கலாம். கடைசிப் பத்து சென்டிமீட்டரில் நொடிக்கு 2 அல்லது 3 செ.மீ. வேகம் போதும். ஸ்பூன் பிடிப்பானில் 10 மி.மீ. காந்தம் இரண்டை எதிரெதிரே வைத்து, நடுவில் டேப் ஒட்டிப் பிடிப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் ஸ்பூன் நுனியை ஊன்றி அழுத்தினால் 500 கிராமைத் தாண்டும் முன் ஸ்பூன் கழன்று விழ வேண்டும். இந்தச் சோதனையை ஐம்பது முறை செய்து முடிக்கும் வரை யார் முகத்துக்கும் முன்னால் இந்தக் கையை வைக்காதீர்கள்.

என் மகளுக்கு 9 வயது, பெருமூளை வாதம். தலை திடீர் திடீரென்று திரும்பும். ஸ்பூன் பல்லில் பட்டால் கடித்துக்கொண்டு விடமாட்டாள். அவள் வாப்பா வெளிநாட்டிலிருந்து ஊட்டும் ரோபோ வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கீழக்கரை

உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இதற்காகவே ரோபோ கூடாது என்று சொல்ல மாட்டோம். இந்தத் துறையின் முன்னோடிக் கருவிகளில் ஒன்றான ஹேண்டி 1, 1987-இல் இங்கிலாந்தில் பெருமூளை வாதம் உள்ள 11 வயதுச் சிறுவனுக்காகத்தான் செய்யப்பட்டது.

வாங்குவதற்கு முன் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரிடம் விழுங்கும் திறனைச் சோதியுங்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் குரல் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி: இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று பார்த்தாக வேண்டும். அப்படி இருந்தால் இப்போது கருவி வேண்டாம். பக்கத்தில் இருக்கிற உம்மாவின் கண் கவனிக்கிற அளவுக்கு எந்தச் சென்சாரும் கவனிக்காது.

பல்லில் பட்டதும் இறுகக் கடிப்பதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை, அது அனிச்சைச் செயல். அந்த நேரம் ஸ்பூனை இழுத்தால் கடி இன்னும் இறுகும், பல்லோ ஈறோ அடிபடும். நீங்கள் ஊட்டும்போதும் இழுக்காதீர்கள். அசைக்காமல் பிடித்துக்கொண்டு, தலையை லேசாக முன்னால் சாய்த்துக் காத்திருந்தால் தாடை தளரும். கருவியும் இதையே செய்ய வேண்டும்: கடி பட்டதை உணர்ந்ததும் மோட்டார் இழுப்பதை நிறுத்தி, ஸ்பூன் காந்தப் பிடியிலிருந்து கழன்று வாயோடு வந்துவிட வேண்டும். எவர்சில்வர் வேண்டாம், உடைந்து சில்லாகிற பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். சிலிக்கான் உறை போட்ட, உள்ளே கம்பி உள்ள, குழி ஆழமில்லாத ஸ்பூன்தான் சரி.

ஸ்பூன் வாய்க்குள் நுழையக் கூடாது. உதட்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும், குழந்தை தானாக முன்னால் வந்து வாங்க வேண்டும். தலையை அசைக்கவே முடியாதவர்களுக்காக வாய்க்குள் வைக்கிற ரோபோவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்து 2024-இல் காட்டினார்கள். அது கடியையும் தசைத் துடிப்பையும் விசையை வைத்துப் பிரித்தறிகிறது. அது ஆய்வுக்கூடத்து வேலை. வீட்டுக்கு வாங்கும் கருவியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்பூன் வாய் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து வரட்டும். மேலேயிருந்து வந்தால் குழந்தை அண்ணாந்து வாங்கும், அண்ணாந்தால் புரையேறும். நிமிர்ந்த இருக்கை, பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்க வேண்டும். பாதம் தொங்கினாலே தலையாட்டம் கூடும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

வெளிநாட்டுக் கருவி வீடியோக்களில் பழத்துண்டும் கேக்கும்தான் காட்டுகிறார்கள். சோறு, குழம்பு, மீன் இதெல்லாம் அதற்கு வருமா?
– வாசகர், பாம்பன்

நல்ல கேள்வி. பொருளை வாங்குகிறவர்கள் இதைத்தான் கடைசியாகக் கேட்கிறார்கள், முதலில் கேட்டிருக்க வேண்டியது.

ஸ்பூன் கருவிக்கு உதிரிச் சோறும் ஆகாது, தண்ணீராகக் கரைத்ததும் ஆகாது. குழைய வடித்த 100 கிராம் சோற்றுக்கு 40 முதல் 50 மி.லி. குழம்பு விட்டு மசித்துப் பாருங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக ஒரே கட்டியாக விழ வேண்டும். ஒட்டிக்கொண்டாலும் தப்பு, வழிந்தாலும் தப்பு. தயிர்ச்சோறு, பொங்கல், உப்புமா எல்லாம் இயல்பாகவே இந்தப் பதத்தில் வரும். ஒரு தடவைக்கு 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன். நாம் கையால் வைக்கிற கவளத்தில் கால்வாசிகூட வராது. அதனால் ஒரு சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம், சோறு ஆறிவிடும். சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துவிடுங்கள்.

ஸ்பூனின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஒரு சொட்டுக் குழம்புதான் எல்லாரையும் வெறுக்க வைக்கிறது. அது தாடையில் விழும், துடைக்கக் கை இருக்காது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சிலிக்கான் பட்டையை நிற்க வைத்து, ஸ்பூன் மேலே வரும்போது அதில் அடியை வழித்துவிட்டு வரும்படி பாதையை அமையுங்கள். இன்னொன்றும் உண்டு: கழுத்துக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவர் தொடையில் சுடுகுழம்பு சிந்தினால் அவருக்குத் தெரியாது, மாலையில் கொப்புளம்தான் தெரியும். நம் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் கிண்ணத்தில் வையுங்கள். மடியில் தண்ணீர் ஊறாத துண்டு விரியுங்கள்.

மீன் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். சதைக்குள் இருக்கிற முள் கேமராவுக்குத் தெரியாது, அதைக் கண்டுபிடிக்க விரல்தான் வேண்டும். நெத்திலி, சாளை, சூடை மூன்றையும் கருவிக்கு வைக்காதீர்கள். வஞ்சிரம், பாறை போன்ற பெரிய மீனின் நடுத்துண்டை எடுத்து, தோலை நீக்கி, சதையை நார் நாராக உதிர்த்து விரலால் ஒருமுறை, வேறொருவர் இன்னொரு முறை தடவிப் பார்த்துச் சோற்றோடு பிசைய வேண்டும். கணவாயில் முள் இல்லை, ஆனால் ரப்பர் போல இழுக்கும். மெல்லும் பலம் குறைந்தவருக்கு வேண்டாம். நண்டில் ஓட்டுச் சில்லு கலந்துவிடும். மீன்புட்டு நல்ல தேர்வு என்றாலும் உலர்ந்த பொடி தொண்டையில் சிதறி இருமலைக் கிளப்பும். கொஞ்சம் குழம்பு விட்டு ஈரமாக்குங்கள்.

இட்லியை முள்கரண்டிக் கருவி குத்தி எடுக்கும், 2 செ.மீ. துண்டாக்கிக் கொடுத்தால். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் குத்தி எடுக்கும் ரோபோவை ஆராய்ந்தவர்கள் கேரட்டும் வாழைப்பழத் துண்டும் ஒரே மாதிரிக் குத்தினால் வராது என்று கண்டார்கள். கெட்டியானதை நேராகக் குத்தலாம். வாழைப்பழம் வழுக்கி இறங்கிவிடும், முள்கரண்டியைச் சாய்த்துக் குத்தினால்தான் நிற்கும். இட்லிக்கும் சாய்வே நல்லது. தோசை கிழியும், அதை எந்தக் கருவிக்கும் வைக்க வேண்டாம்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கழுத்துக்குக் கீழே எனக்கு அசைவு இல்லை. எல்லாரும் அன்பாகத்தான் ஊட்டுகிறார்கள், ஆனால் அவர்கள் அவசரத்துக்கு நான் விழுங்க வேண்டியிருக்கிறது. இயந்திரம் வந்தாலும் அது தன் வேகத்தில்தானே திணிக்கும்?
– வாசகர், தங்கச்சிமடம்

தானியங்கி முறையில் வைத்தால் நீங்கள் சொல்கிறபடிதான் நடக்கும். அதனால் நேரக்கணக்கில் தானாக ஊட்டும் முறையை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஸ்பூன் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை நீங்கள் மட்டுமே சொல்ல வேண்டும். அந்த அதிகாரம் உங்களிடம் இல்லையென்றால் ரோபோவுக்கும் அவசரக்காரக் கைக்கும் வித்தியாசம் கிடையாது.

இரண்டு ஸ்விட்ச் போதும். ஒன்று எந்தக் கிண்ணம் என்று தேர்ந்தெடுக்க, இன்னொன்று எடுத்து வரச் சொல்ல. உங்களுக்குத் தலை அசைவு இருந்தால் ஒன்றை நாற்காலித் தலைசாய்ப்பின் இடப்புறம், மற்றதை வலப்புறம் பொருத்தலாம். தலை அசைவும் குறைவு என்றால் கன்னத்தருகே அல்லது தாடைக்குக் கீழே. குழாயில் ஊதியும் உறிஞ்சியும் இயக்கும் ஸ்விட்சைச் சாப்பாட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டோம், வாயில் சோறு இருக்கும்போது ஊத முடியாது. ஸ்விட்ச் 3.5 மி.மீ. ஜாக் உள்ளதாக இருந்தால் பெரும்பாலான உதவிக் கருவிகளில் மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம். தலை ஆடுவதால் இரட்டை அழுத்தம் விழுந்தால், முதல் அழுத்தத்துக்குப் பின் அரை நொடிக்கு அடுத்ததை ஏற்காதபடி அமைக்கச் சொல்லுங்கள்.

ஸ்பூன் வாய்முன் வந்து நின்றபின் நீங்கள் பேசிக்கொண்டிருந்தாலும் அது அசையாமல் காத்திருக்க வேண்டும். திரும்பிப் போவதும் உங்கள் ஸ்விட்சில்தான். ஸ்பூன் வந்துகொண்டிருக்கும்போது எந்த ஸ்விட்சைத் தொட்டாலும் நிற்க வேண்டும். அவசர நிறுத்தத்துக்குத் தனி ஸ்விட்ச் வைக்கும்போது, சும்மா இருக்கையில் மின்சுற்று மூடியே இருந்து, அழுத்தினால் துண்டிக்கும் வகையைப் போடச் சொல்லுங்கள். வயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும், அறுந்ததே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்காது. நாலு கிண்ணத்தில் எது எந்தப் பக்கம் என்பதையும் மகளிடம் நீங்களே சொல்லுங்கள். ரசச்சோறு முதலிலா கடைசியிலா என்பது உங்கள் இஷ்டம்.

கேமரா, செயற்கை நுண்ணறிவு இல்லாமல் செய்ய முடியாதா?
– மாணவி, மண்டபம்

முடியும். நாற்காலியும் மேசையும் ஒரே இடத்தில் இருந்தால் வாயின் இடத்தை ஒருமுறை கையால் கொண்டுபோய்க் காட்டிப் பதிவு செய்தால் போதும். விற்பனையில் உள்ள ஓபி என்கிற ஊட்டும் ரோபோ இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

என்னென்ன கருவிகள் இருக்கின்றன, தமிழ்நாட்டில் யாரைக் கேட்பது?
– வாசகர், ராமேஸ்வரம்

ஜப்பானின் செகாம் நிறுவனம் 2002-இல் மை ஸ்பூனைக் கொண்டுவந்தது. தாடையால் தள்ளும் ஜாய்ஸ்டிக்கிலும் அது இயங்கும். அமெரிக்காவின் ஓபி 2016-இல் வந்தது, நாலு கிண்ணம். கனடாவின் கினோவா ஜாகோ ஊட்டுவதற்கென்றே உள்ள கருவி அல்ல. சக்கர நாற்காலியில் பொருத்தும் ஆறு மூட்டுக் கை. கதவு திறக்கும், டம்ளர் எடுக்கும், விலையும் அதற்கேற்ற பல லட்சம். கை நடுக்கம் மட்டும் உள்ளவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம், நடுக்கத்தை ஈடுசெய்யும் லிஃப்ட்வேர் வகை ஸ்பூன் இருக்கிறது.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் டி.டி.கே. மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம்தான் 2019-இல் எழுந்து நிற்க வைக்கும் அரைஸ் சக்கர நாற்காலியை உருவாக்கியது. பண உதவிக்கு முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைப் பாருங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு.

நன்கொடையாக வந்த ஊட்டும் கருவி எட்டே மாதத்தில் துரு ஏறி நின்றுவிட்டது. கொடுத்தவர்கள் நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். வீடு கடலுக்கு எதிரே.
– வாசகர், தேவிபட்டினம்

கடற்கரைக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்தும் சாதாரணத் திருகாணி போட்டு அனுப்பியவர்கள்தான் பொறுப்பு. உப்புக்காற்றில் அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகாணி போட்டால் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அரிப்பு வேகமாக ஏறும். 316 தர எவர்சில்வர் திருகாணிகளாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் நைலான் வாஷர் போடுங்கள். சர்க்யூட் போர்டைத் துடைத்து, உலரவைத்து, கனெக்டர்களை டேப்பால் மறைத்துவிட்டு ஈரம் புகாமல் காக்கும் கான்ஃபார்மல் கோட்டிங் ஸ்பிரே இரண்டு பூச்சு அடியுங்கள். கனெக்டரின் பச்சைக் களிம்பைக் காண்டாக்ட் கிளீனரால் கழுவலாம். கருப்பாகிப் போன பின்னை மாற்றத்தான் வேண்டும்.

மின்வெட்டுக்கு 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நல்லது. ஏறத்தாழ 77 வாட்-மணி. கருவி சராசரியாக 10 வாட் எடுத்தாலும் ஒரு நாளின் மூன்று வேளையையும் தாண்டும். சாப்பிடும்போது பேட்டரியில் மட்டும் ஓடட்டும், சார்ஜரை இரவில் செருகுங்கள். 230 வோல்ட் ஒயர் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

உள்ளே திறந்து பார்க்கும்போது எறும்பையும் தேடுங்கள். சிந்திய பாயசத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒயர் ஓட்டை வழியாகப் போய் கியர் பெட்டியில் குடியேறிவிடும். ஒயர் நுழையும் இடத்தை ரப்பர் குரோமெட்டும் (ஓட்டையில் பொருந்தும் வளையம்) சிலிக்கானும் வைத்து அடையுங்கள். கருவியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிற பழைய வழியை மட்டும் வேண்டாம் என்போம். பீடம் வழுக்கும். தினமும் ஸ்பூனையும் கிண்ணத்தையும் கழற்றிக் கழுவி, கையின் முன்பகுதியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் உள்ள 50 கிராம் பையோடு வையுங்கள். மணி நிறம் மாறினால் பையை வெயிலில் போடாதீர்கள், நம் ஊர் வெயிலோடு வருகிற காற்றிலேயே ஈரம் இருக்கிறது. அடுப்பில் வெறும் சட்டியைச் சிறுதீயில் வைத்து மணிகளை மட்டும் கொட்டி வறுத்தெடுங்கள்.